மிடி வயரில் ஒலி வராது

கேள்வி: யமஹா க்யூஒய்70 சீக்வென்சரில் அமைத்த பாட்டை மிடி வழியாகக் கணினியில் ஏற்றினேன். சுரக்குறிப்புகள் வந்தன, சத்தம் எங்கே?

பதில்: பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. 1983இல் அறிமுகமான மிடி, எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்ற கட்டளைகளையே சுமக்கும்; அதன் வேகம் நொடிக்கு 31,250 பிட். சிடி தர ஸ்டீரியோவுக்கோ 14 லட்சம் பிட் வேண்டும். ‘மென்பொருள் வாத்தியத்தில் ஓடவிட்டால் போதாதா?’ என்பார்கள். ஓடும்; ஆனால் கேட்பது உங்கள் பெட்டியின் டிரம்ஸ் அல்ல. ஆகவே லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸின் இரண்டு லைன் இன்புட்டுகளுக்கு வயர் போடுங்கள். லேப்டாப்பின் மைக் துளை வேண்டாம். அது பெரும்பாலும் மோனோ, லைன் அளவு சத்தம் தாங்காமல் கரகரக்கும். 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் பதியுங்கள். அதில் கஞ்சத்தனம் ஒன்றுமில்லை, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். டிராக் டிராக்காகப் பதிவதானால் மிடி வயரையும் கழற்றாதீர்கள். தாளத்தை ஒன்றாக ஓட்டும் கடிகாரத் துடிப்பு அதில்தான் வருகிறது.