குறுக்குத் தையலில் கோலம்: எந்தக் கட்டம், எந்தத் துணி?

குறுக்குத் தையலில் ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி. நேர்கோடும் 45 பாகைச் சாய்வும் அதில் அழகாக விழும்; மற்றச் சாய்வுகள் படிக்கட்டாக உடையும். எந்தக் கோலத்தைத் தைப்பது என்பதை முதலில் முடிவு செய்வது இந்தக் கணக்குத்தான்.

நேர்ப்புள்ளிக் கோலம் இதற்கென்றே பிறந்தது போல அமையும். இடைப்புள்ளி வைத்த ஆறிதழ்ப் பூவின் சாய்வு 60 பாகை என்பதால் ஓரம் பல்பல்லாகத் தெரியும். அதைத் தைத்தே ஆகவேண்டுமென்றால், வெளிக்கோட்டைப் பின்தையலால் இழுத்து, உள்ளே மட்டும் குறுக்குத் தையலால் நிரப்புவது நல்லது. சிக்குக் கோலத்துக்கு இடம் அதிகம் வேண்டும். புள்ளிக்குப் புள்ளி 8 கட்டமாவது விட்டால்தான் வளைவு வளைவாக நிற்கும். இடைவெளி இரட்டைப்படையாக இருப்பதும் அவசியம். இல்லையென்றால் இரு புள்ளிகளின் நடுவே கோடுகள் வெட்டும் இடம் கட்டத்துக்குள் விழாமல் கட்டங்களுக்கு இடைப்பட்ட கோட்டில் விழும்.

படிவத்துக்கு மூன்று வழிகள் உண்டு. பிரான்சில் கடையில் கிடைக்கும் அச்சுப் படிவங்களில் எழுத்துகளும் பூக்களும் நத்தார் காட்சிகளுமே மிகுதி. கோலம் கிடைப்பது அரிது. புகைப்படத்தைப் படிவமாக்கும் மென்பொருள் நல்லூர்க் கோபுரம் போன்ற படத்துக்கு உதவும். ஆனால் நிறங்களின் எண்ணிக்கையை 20க்குள் கட்டுப்படுத்தாவிட்டால், ஒற்றைத் தையல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி, நூல் மாற்றியே கை சலித்துவிடும். கோலத்துக்குக் கட்டத்தாளில் கையால் வரைவதே மேல். பிரெஞ்சுப் பள்ளிக் கொப்பியின் வழக்கமான கோடுகள் இதற்கு ஆகாது: நெடுக்குக் கோடுகளுக்கு இடையே 8 மி.மீ., கிடைக்கோடுகளுக்கு இடையே 2 மி.மீ. என்பதால் கட்டம் சதுரமாக இராது. அட்டையில் 5×5 என்று போட்ட கொப்பியே வாங்கவேண்டும்.

துணி வாங்கப் பாரிசின் லாச்சப்பலிலிருந்து தூரம் போகவேண்டியதில்லை. மெட்ரோ 2இல் இரண்டாவது நிறுத்தமான ஆன்வேரில் இறங்கினால், மொன்மார்த்ர் அடிவாரத்தில் சேன் பியேர் துணிக்கடைகள். ஆங்கிலப் படிவங்கள் அங்குலத்துக்கு 14 கட்டம் என்று சொல்வதை இங்கே சென்டிமீட்டருக்கு 5.5 என்று கேட்கவேண்டும். 18 என்பது இங்கே 7. இடைவெளி 8 கட்டம் வைத்த ஏழு வரிசைக் கோலம், ஓரச் சுழிகளோடு 57 கட்டம் அகலம் வரும். 5.5இல் அது 10.4 செ.மீ.; 7இல் 8.1 செ.மீ. சட்டமிடச் சுற்றிலும் 5 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டவேண்டும்.

புதிதாகத் தைப்பவர்களுக்கு ஐடா துணிதான் ஏற்றது. துளைகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். லினனில் இரண்டு இழையைத் தாண்டித் தாண்டித் தைக்கவேண்டும். சென்டிமீட்டருக்கு 11 இழை உள்ள லினன் 5.5 ஐடாவுக்குச் சமம். எண்ணிக்கை ஓரிடத்தில் தவறினால் கோலம் முழுவதும் நகர்ந்துவிடும். ஆனாலும் சிக்குக் கோலத்துக்கு லினனே சிறந்தது: பாதிக் கட்டத்திலும் ஊசி இறங்கும் என்பதால் வளைவு மென்மையாக வரும்.

வெள்ளைக் கோலத்துக்கு வெள்ளைத் துணி எடுபடாது. சாயமிடாத லினனின் மண்நிறமோ செங்காவி ஐடாவோ முற்றத்துத் தரையின் சாயலைத் தரும். 1746இல் மியூலூசில் தொடங்கிய டிஎம்சியின் மூலினே நூல் 8 மீட்டர்க் கட்டாக வரும், ஆறு இழை கொண்டது. 5.5 துணிக்கு இரண்டு இழை போதும். கரும் துணியில் வெள்ளை என்றால் அடிநிறம் தெரியாதிருக்க மூன்று இழை வேண்டும்.

சேலையிலோ இரவிக்கையிலோ தைப்பதானால் இழை எண்ண முடியாது. மேலே வலைத்துணி வைத்துத் தைக்கவேண்டும். நீரில் கரையும் வகை பருத்திக்குப் பொருந்தும். பட்டை நனைக்கக் கூடாது என்பதால், தைத்தபின் இழை இழையாக உருவி எடுக்கும் வகையே பட்டுக்குப் பாதுகாப்பு. அதைச் சிறு குறட்டால் உலர்ந்த நிலையிலேயே மெல்ல உருவலாம்.