ஓட்டுநர் இல்லாத மகிழுந்து

நுழையும்முன்

மனிதர் தம் உடலுழைப்பை எந்திரத்திடம் ஒப்படைத்த வரலாறு நீண்டது. கண்டு, கருதி, முடிவெடுக்கும் பொறுப்பையும் எந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி இப்போது நடைபெறுகிறது. அம்முயற்சிகளுள் ஒன்று ஓட்டுநர் இல்லாத மகிழுந்து. அது தரும் நம்பிக்கையையும், அதனைச் சுற்றி எழுந்த மிகைக்கூற்றுகளையும், அது எழுப்பும் பாதுகாப்பு வினாக்களையும் பகுத்து நோக்குகிறது இப்பாடம்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் உயிரிழக்கின்றனர். 5 முதல் 29 வயது வரையிலானோரின் இறப்பிற்கு முதன்மைக் காரணமாக அமைவதும் சாலை விபத்தே. பள்ளியிலும் கல்லூரியிலும் பயில்வோர், புதிதாகப் பணியில் சேர்ந்தோர் எனப் பலரும் அவ்வயதினருள் அடங்குவர். உறக்கம், மது, கவனச்சிதறல், மிகுவேகம் ஆகிய குறைகள் இல்லாத ஓட்டுநர் ஒருவர் கிடைத்தால் இவ்வுயிர்களுள் பலவற்றைக் காக்கலாம் என்னும் எண்ணமே ஓட்டுநர் இல்லாத மகிழுந்தின் பின்னுள்ள பெரும் நம்பிக்கையாகும். பார்வைத்திறன் குறைந்தோரும் முதியோரும் பிறர் துணையின்றிப் பயணம் செய்ய இயலும் என்பது மற்றொரு நம்பிக்கை.

பாலைவனத்தில் ஒரு போட்டி

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையான டார்ப்பா, 2004ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மொகாவி பாலைவனத்தில் ஒரு போட்டியை நடத்தியது. மனிதர் எவரும் அமராத வண்டி, 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாலைவழியைத் தானாகவே கடக்க வேண்டும். பரிசு 10 லட்சம் டாலர். களமிறங்கிய வண்டிகளுள் ஒன்றுகூட இலக்கை எட்டவில்லை. மிகுதொலைவு சென்ற கார்னகி மெலன் பல்கலைக்கழக வண்டியும் 12 கிலோமீட்டரைக் கடக்குமுன் நின்றுவிட்டது.

அடுத்த ஆண்டு அதே போட்டி மீண்டும் நடைபெற்றது. இம்முறை ஐந்து வண்டிகள் 212 கிலோமீட்டர் தொலைவை முழுமையாகக் கடந்தன. ஏழு மணி நேரத்திற்கும் குறைவாகக் கடந்து வெற்றி பெற்றது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'ஸ்டான்லி'. அக்குழுவிற்குத் தலைமையேற்ற செபாஸ்டியன் துருன், பின்னர் கூகுள் நிறுவனம் 2009இல் தொடங்கிய தானோட்டி மகிழுந்துத் திட்டத்திற்கும் தலைமை தாங்கினார். அத்திட்டமே 2016இல் 'வேமோ' என்னும் தனி நிறுவனமாயிற்று.

காணுதலும் கணித்தலும்

மனித ஓட்டுநர் இரு கண்களால் காண்பதை இம்மகிழுந்து பலவகை உணரிகளால் காண்கிறது. ஒளிப்படக்கருவிகள் நிறத்தையும் வடிவத்தையும் சாலைக்குறிகளையும் காட்டுகின்றன. ரேடார் வானொலி அலைகளைக் கொண்டு எதிர்ப்படும் பொருளின் தொலைவையும் வேகத்தையும் அளக்கிறது. லிடார் என்னும் கருவி லேசர் ஒளித்துடிப்புகளை அனுப்பி, அவை பொருளின்மீது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறது. 30 மீட்டர் தொலைவில் உள்ள ஒரு பொருளின்மீது பட்ட ஒளி, ஒரு விநாடியின் 50 லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பி வந்துவிடும். இத்தகைய எண்ணற்ற அளவீடுகளைத் தொகுத்துச் சுற்றுப்புறத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கணினி உருவாக்குகிறது.

ஆயினும், காண்பது பணியின் ஒரு பகுதியே. கண்ட பொருள் எது என்று அறிதல், அது அடுத்து என்ன செய்யும் என்று கணித்தல், அதற்கேற்ப வழியைத் தேர்ந்தெடுத்தல் ஆகியனவும் தேவை. சாலையோரம் உருண்டு வரும் பந்தைக் கண்டவுடன், அதன்பின் ஒரு குழந்தை ஓடிவரக்கூடும் என்று மனிதர் உணர்ந்து வேகத்தைக் குறைக்கின்றனர். மனிதருக்கு வாழ்வனுபவத்தால் வரும் இவ்வறிவை எந்திரம் எண்ணற்ற எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கவேண்டியுள்ளது. அடிக்கடி நிகழ்வனவற்றை அது எளிதில் கற்றுக்கொள்கிறது. எப்போதோ ஒருமுறை நிகழ்வனவே அதற்குக் கடினமானவை. விபத்துகள் பெரும்பாலும் அத்தகைய அரிய சூழல்களிலேயே நேர்கின்றன.

படிநிலைகள்

தானோட்டித் திறனை 0 முதல் 5 வரை ஆறு படிநிலைகளாக அமெரிக்காவைச் சேர்ந்த எஸ்.ஏ.இ. என்னும் பொறியாளர் அமைப்பு 2014இல் வகுத்தது. இரண்டாம் நிலையில் வண்டி தானே திரும்பவும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் செய்யும். எனினும், மனிதர் இடைவிடாது சாலையைக் கண்காணிக்க வேண்டும். மூன்றாம் நிலையில், குறிப்பிட்ட சூழல்களில் வண்டி தானே ஓட்டும். அது அழைக்கும்போது மனிதர் பொறுப்பேற்க வேண்டும். நான்காம் நிலையில், வரையறுத்த பகுதிக்குள் மனிதர் உதவி தேவையில்லை. ஐந்தாம் நிலை என்பது எல்லாச் சாலைகளிலும் எல்லாச் சூழல்களிலும் தானே இயங்குவது.

இவ்வேறுபாட்டை அறிவது இன்றியமையாதது. இரண்டாம் நிலை வண்டியை 'தானே ஓட்டும் வண்டி' என்று விளம்பரம் செய்தால், வாங்குவோர் அதனை நான்காம் நிலை என்று நம்பிவிடுவர். அந்நம்பிக்கையே உயிருக்கு ஊறு விளைவிக்கும்.

வாக்குறுதியும் நாட்காட்டியும்

ஐந்தே ஆண்டுகளில் பொதுமக்கள் இவ்வண்டிகளைப் பயன்படுத்துவர் எனக் கூகுள் நிறுவனர்களுள் ஒருவரான செர்கே பிரின் 2012இல் கூறினார். 2017ஆம் ஆண்டு முடிவதற்குள் தம் நிறுவனத்தின் மகிழுந்து லாஸ் ஏஞ்சலிசிலிருந்து நியூயார்க் வரை தானே ஓடிக்காட்டும் என டெஸ்லாவின் தலைவர் எலான் மஸ்க் 2016இல் அறிவித்தார். 2020க்குள் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட தானோட்டி வாடகை மகிழுந்துகள் சாலைகளில் இருக்கும் என 2019இல் மீண்டும் கூறினார். அறிவித்த ஆண்டுகள் கடந்தன, அறிவித்தவை நிகழவில்லை.

முன்னேற்றமே இல்லை என்பது இதன் பொருளன்று. 2020 அக்டோபரில் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகர்ப்பகுதியில், ஓட்டுநர் இருக்கையில் எவரும் இல்லாத வாடகை மகிழுந்துகளை வேமோ பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பின்னர் சான்பிரான்சிஸ்கோ முதலிய நகரங்களுக்கும் அச்சேவை விரிந்தது. ஆனால் அவை நான்காம் நிலை வண்டிகள்; முன்கூட்டியே நுட்பமாக வரைபடமாக்கிய பகுதிகளில் இயங்குபவை. எல்லா இடத்திற்கும் உரியதாகக் கூறப்பட்ட வாக்குறுதி, எல்லைக்கு உட்பட்டே நிறைவேறியுள்ளது.

5.6 விநாடிகள்

2018 மார்ச்சு 18ஆம் நாள் இரவு. அரிசோனாவின் டெம்பி நகரில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணியின்மீது, ஊபர் நிறுவனத்தின் சோதனை மகிழுந்து மோதியது. அவர் உயிரிழந்தார். தானோட்டி அமைப்பின் சோதனை வண்டி மோதிப் பாதசாரி ஒருவர் இறந்த முதல் நிகழ்வு இது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இவ்விபத்தை ஆராய்ந்தது. மோதலுக்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே உணரிகள் அப்பெண்மணியைக் கண்டுவிட்டன. ஆனால் மென்பொருள் அவரை ஒருமுறை வண்டி என்றும், ஒருமுறை இன்னதென்று அறியாத பொருள் என்றும், ஒருமுறை மிதிவண்டி என்றும் மாறிமாறி வகைப்படுத்தியது. வகை மாறியபோதெல்லாம் அதுவரை அவர் நகர்ந்துவந்த பாதையை அது கணக்கில் கொள்ளவில்லை. அதனால் அவர் எங்குச் செல்கிறார் என்பதைச் சரியாகக் கணிக்க இயலவில்லை. பாதசாரிகளுக்கெனக் குறித்த இடமல்லாத பிற இடங்களிலும் மனிதர் சாலையைக் கடப்பர் என்பது அம்மென்பொருளின் வடிவமைப்பில் இடம்பெறவில்லை. மகிழுந்தில் இயல்பாக அமைந்திருந்த அவசரகால பிரேக் அமைப்பும், கணினி ஓட்டும் வேளையில் இயங்காதவாறு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. கண்காணிக்க வேண்டிய பணியாளர் அவ்வேளையில் தம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்காணிப்பு என்னும் கடினப்பணி

அப்பணியாளர் ஒருவரைக் குறைகூறுவதோடு இச்சிக்கல் முடிந்துவிடுமா? லிசேன் பெயின்பிரிட்ஜ் என்னும் உளவியலறிஞர் 1983இல் எழுதிய கட்டுரை ஒன்றில் தானியக்கத்தின் முரணை விளக்கினார். எளிய பணிகளை எந்திரத்திற்குத் தந்தபின் மனிதருக்கு எஞ்சுவது, எந்திரம் தவறும் கணத்தில் உடனே தலையிடும் கடினமான பணியே. நெடுநேரம் எதுவும் செய்யாமல் விழிப்புடன் இருப்பது மனித இயல்புக்கு மாறானது. எந்திரம் நன்கு இயங்க இயங்க மனிதரின் கவனம் தளர்கிறது.

2016இல் புளோரிடாவில் நேர்ந்த விபத்து இதற்குச் சான்று. டெஸ்லா மகிழுந்தின் இரண்டாம் நிலை அமைப்பு, நெடுஞ்சாலையின் குறுக்கே திரும்பிய சரக்குந்தின்முன் நிற்கவில்லை, ஓட்டுநர் இறந்தார். அவ்வமைப்பு இயங்கிய 37 நிமிடங்களில், அவர் கைகள் திசைமாற்றும் சக்கரத்தின்மீது இருந்ததாகப் பதிவானது 25 விநாடிகள் மட்டுமே. மனிதரின் இயல்பை அறிந்து அதற்கேற்ப எந்திரத்தை அமைப்பதும் பொறியியலின் கடமையே.

மெய்ப்பிப்பது எங்ஙனம்?

'விபத்துகளுள் 94 விழுக்காடு மனிதப் பிழையால் நேர்வன. ஆகவே மனிதரை நீக்கினால் அத்தனையும் நீங்கும்' என்னும் கூற்றைப் பலரும் எடுத்தாள்கின்றனர். அவ்வெண், அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிருவாகத்தின் ஆய்விலிருந்து பெறப்பட்டது. விபத்திற்கு முந்தைய நிகழ்வுத் தொடரின் இறுதிக் கண்ணியையே அவ்வாய்வு சுட்டியது. அதுவே விபத்தின் முழுக்காரணம் என்று கூறவில்லை. வளைவின் அமைப்பு, வெளிச்சமின்மை, வண்டியின் நிலை ஆகியனவும் அத்தொடரில் உண்டு. மேலும், மனிதப் பிழைகள் நீங்கும்போது எந்திரத்திற்கே உரிய புதிய பிழைகள் தோன்றும் என்பதை டெம்பி நிகழ்வு உணர்த்துகிறது.

பாதுகாப்பை மெய்ப்பிக்க எவ்வளவு தொலைவு ஓட்டிப்பார்க்க வேண்டும்? அமெரிக்காவில் ஏறத்தாழ 16 கோடி கிலோமீட்டர் வண்டியோட்டத்திற்கு ஓர் உயிரிழப்பு என்னும் அளவில் விபத்துகள் நேர்வதை அடிப்படையாகக் கொண்டு ரேண்டு நிறுவனம் 2016இல் கணக்கிட்டது. மனிதருக்கு நிகரான பாதுகாப்பை உறுதியாக நிறுவ, ஓர் உயிரிழப்பும் இன்றி ஏறத்தாழ 44 கோடி கிலோமீட்டர் ஓட வேண்டும். 100 மகிழுந்துகள் இரவுபகலாக, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் அதற்கு 12 ஆண்டுகளுக்கும் மேலாகும்.

ஆறுதல் தரும் தரவுகளும் உள்ளன. வேமோவும் சுவிஸ் ரீ காப்பீட்டு நிறுவனமும் இணைந்து 2024இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 4 கோடி கிலோமீட்டர் ஓட்டத்தை ஆராய்ந்தது. மனிதர் ஓட்டும் வண்டிகளோடு ஒப்பிட, உடற்காய இழப்பீட்டுக் கோரிக்கைகள் 92 விழுக்காடு குறைந்திருந்தன. இது புறந்தள்ளத்தக்க செய்தியன்று. எனினும் 4 கோடியையும் 44 கோடியையும் ஒப்பிட்டு நோக்குக. காயங்களைப்பற்றிக் கூற அத்தொலைவு போதுமானதாகலாம். அரிதாக நேரும் உயிரிழப்பைப்பற்றி முடிவுகூற அது போதாது. ஒரு நிறுவனம் ஒரு நகரில் ஈட்டிய நற்பெயர், வேறு நிறுவனத்தின் வண்டிக்கோ வேறு நகரின் சாலைக்கோ உரிமையாகிவிடாது என்பதையும் மறத்தலாகாது.

பொறுப்பும் வெளிப்படைத்தன்மையும்

டெம்பி விபத்தில் ஊபர் நிறுவனத்தின்மீது குற்றவழக்கு இல்லை என அரசு வழக்குரைஞர் 2019இல் முடிவு செய்தார். கண்காணிப்புப் பணியாளரோ 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். நிறுவனத்தின் பாதுகாப்பு முறைகளிலும் மாநில அரசின் மேற்பார்வையிலும் குறைகள் இருந்தன எனப் பாதுகாப்பு வாரியம் கூறியிருந்தது. பலர் கூடி உருவாக்கிய பிழைக்கு ஒருவர் மட்டும் பொறுப்பேற்பது அறமாகுமா என்னும் வினா இங்கு எழுகிறது.

2023 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோவில், மனிதர் ஓட்டிய மகிழுந்து மோதியதில் தூக்கியெறியப்பட்ட பெண்மணி ஒருவர், குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லா மகிழுந்தின்முன் விழுந்தார். அவர்மீது மோதி நின்ற அவ்வண்டி, சாலையோரம் ஒதுங்குவதற்காக மீண்டும் நகர்ந்து, அடியில் சிக்கிய அவரை ஏறத்தாழ 6 மீட்டர் இழுத்துச் சென்றது. கலிபோர்னியா அரசு அந்நிறுவனத்தின் உரிமத்தை நிறுத்தியது. விசாரணைக்குப் பொய்யான அறிக்கை அளித்ததை 2024இல் ஒப்புக்கொண்ட நிறுவனம் 5 லட்சம் டாலர் தண்டம் செலுத்த இசைந்தது. எந்திரத்தின் பிழையைத் திருத்தலாம். பிழை மறைக்கப்பட்டால் திருத்தத்திற்கே வழியில்லை.

இவ்வினாக்களுக்குச் சட்டத்தின் வழியாகவும் விடைதேடப்படுகிறது. செருமனி நாட்டு அறநெறிக் குழு 2017இல் இருபது நெறிகளை வகுத்தது. பொருளிழப்பைவிட மனித உயிருக்கே முதலிடம் தரவேண்டும். தவிர்க்க இயலாத விபத்தில் வயது, பாலினம் முதலிய வேறுபாடுகளைக் கருதி ஒருவரைத் தேர்ந்து காக்கலாகாது என்பன அவற்றுள் சில.

ஓட்டுநர் இல்லாத மகிழுந்தை வரவேற்பதா, மறுப்பதா என்று கேட்பதைவிட, அது எந்த நிலையைச் சார்ந்தது, எங்கு, எத்துணைத் தொலைவு ஓடியது, அதன் தரவுகளை யார் சரிபார்த்தனர், தவறினால் யார் பொறுப்பு என்று கேட்பதே அறிவுடைமை. அவ்வண்டியில் ஏறுவோர் தாமே விரும்பி ஏறுகின்றனர். மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடப்போரிடம் எவரும் ஒப்புதல் கேட்பதில்லை. அவர்கள் பொருட்டே இவ்வினாக்களைத் தொடர்ந்து எழுப்ப வேண்டியுள்ளது.

கற்பவை கற்றபின்...

1. புதிய தொழில்நுட்பக் கருவி ஒன்றின் விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள மெய்ப்பிக்கத்தக்க செய்திகளையும் மிகைக்கூற்றுகளையும் தனித்தனியே பட்டியலிடுக.

2. 'எந்திரத்தின் பிழைக்குப் பொறுப்பு, உருவாக்கியவருக்கா, இயக்குபவருக்கா, இசைவளித்த அரசுக்கா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள சாலைச் சந்திப்பை உற்றுநோக்கி, ஓட்டுநர் இல்லாத மகிழுந்து கணிக்கக் கடினமான நிகழ்வுகள் ஐந்தனைக் குறித்து வருக.