நாம் என்றவள்

குளத்தூர்

அன்பு மக்ளே,

கல்லூரியில் 'அந்திகோனே' நாடகம் படிக்கிறோம், யார் எப்படிப்பட்டவர் என்று சோபாக்ளீஸ் ஓரிடத்திலும் சொல்லவில்லையே என்று எழுதியிருந்தாய். பேச்சைக் கவனி. கி.மு. 441 வாக்கில் அது ஏதென்ஸில் அரங்கேறியபோது பேசி நடித்தவர்கள் மூன்றே ஆண்கள். எல்லாருக்கும் முகமூடி. கண் கலங்கியதா, உதடு துடித்ததா என்று பார்க்க வழியில்லை. குணம் முழுவதும் வாய்ச்சொல்லில்தான் வர வேண்டும்.

கிரேக்கத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே சமஸ்கிருதம்போல இருமையும் உண்டு. தொடக்கத்தில் அந்திகோனே தன்னையும் சகோதரி இஸ்மேனேயையும் இருமையில் சேர்த்தே பேசுகிறாள். அரசன் தடையை மீறி, இறந்த அண்ணனைப் புதைக்க வருகிறாயா என்கிறாள். இஸ்மேனே பயந்து மறுக்கிறாள். அதன்பிறகு இருவரையும் சேர்க்கும் அந்தச் சொல்வடிவம் அந்திகோனே வாயில் வரவே இல்லை. அவள் கோபித்துக் கத்துவதைவிட எனக்கு இதுதான் வலிக்கிறது. நமக்கு இது புரியாததா? தமிழில் நாமும் நாங்களும் வேறு, மலையாளத்திலும் நம்மளும் ஞங்ஙளும் வேறுதானே. பாகம் வைக்கிற அன்று, நேற்றுவரை 'நம்ம தென்னை' என்ற சித்தப்பா 'எங்க தென்னை' என்பார். வேலி கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அரசன் கிரேயோன் பேச்சில் கப்பல், கடிவாளம், இரும்பு என்று பொது நியாயமே பெருகும். எதிரே நிற்பவள் உடன்பிறந்தாள் மகள் என்று வாய் சொல்லும், குரல் இளகாது. காவலாளியோ சேதியைச் சொல்லுமுன் வழியில் எத்தனை முறை தயங்கி நின்றேன் என்று கதை அளப்பான்.

இனி நம் கண்ணகியிடம் வா. புகாரில் அவள் பேச்சு மிகச் சொற்பம். எல்லாம் தொலைத்தேன் என்று கோவலன் வெட்கப்பட்டு நிற்கும்போதும், சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்ற அளவோடு முடித்துக்கொள்கிறாள். அதே பெண்ணிடம் பாண்டியன் அவையில் நீ யார் என்று கேட்கிறான். ஆராயாத அரசன் என்று அவனைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறாள். புறாவுக்காகத் தன்னையே தந்த சிபி, கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன், பிறகு ஊர், பிறகு கணவன். தன் பெயரைக் கடைசியில்தான் சொல்கிறாள். கேட்டது 'நீ யார்'. அவள் முதலில் நிறுத்தியது நீதியை. பேசாமலே இருந்தவளுக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது.

பாண்டியனையும் விட்டுவிடாதே. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் சொன்னதும், நேரான பேச்சு என்று ஒப்புக்கொண்டு, எம் சிலம்பில் முத்து என்று மறைக்காமல் சொல்கிறான். மகன் பிணத்தோடு வந்த பிறகுதான் கிரேயோன் தன் பிழையென்று சொல்கிறான். ஒரு மாணிக்கப் பரல் தெறித்ததுமே இவன் தன்னைக் கள்வன் என்றுவிடுகிறான்.

லீவுக்கு வரும்போது வழக்குரை காதையை எடுத்து வா. திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கலாம்.

உன் பெரியம்மா