சப்பாத்திக்கள்ளியின் இயல்பும் கொச்சினீல் பூச்சியின் வரலாறும்

சப்பாத்திக்கள்ளியை அறியாத குடியானவர் நம் ஜில்லாவில் இலர். ஆரணியைச் சுற்றியுள்ள புன்செய் வரப்புகளிலும், ஓடைக்கரைகளிலும், மேட்டு நிலங்களிலும் அது தாழ்ந்த புதராய்க் கொத்துக் கொத்தாய்ப் படர்ந்து நிற்பதைக் காணலாம். ஆயினும் அதன் உறுப்பமைதியை உற்று நோக்கியவர் சிலரே. அவ்வறிவு இல்லாமையால் நஷ்டம் நேர்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆரணிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் நிலக்காரர் ஒருவர், தம் மணிலாக் கொல்லையின் கள்ளி வேலியை ஆள் வைத்து வெட்டி, மட்டைகளை ஓடையில் எறிவித்தார். அடுத்த மழைக்குப் பின் ஓடையின் இரு கரைகளிலும் புதுக்கள்ளி முளைத்தது. அவர் என்னிடம், "ஐயா, வெட்டுவதற்குக் கூலி கொடுத்தேன், நடுவதற்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது" என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மையே. அதன் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கள்ளியில் இரு குலங்கள்

சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி முதலியவை நம் நாட்டில் தொன்றுதொட்டு வழங்குபவை. கீறினால் பால் வடியும். ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வருகைக்குப் பின் இங்கு வந்தது. கீறினால் பால் வராது; கொழகொழப்பான நீரே கசியும். வறட்சியைத் தாங்க வேண்டிய நிலையில் இரு குலங்களும் ஒரே விதமான உருவம் பெற்றனவேயன்றி, அவற்றுக்குள் உறவு ஏதுமில்லை.

உறுப்பமைதி

நாம் இலை என்று எண்ணும் மட்டை உண்மையில் தண்டே. மெய்யான இலைகள் இளமட்டையில் சிறு கூம்புகளாய்த் தோன்றி விரைவில் உதிர்ந்துவிடும். மட்டையின்மேல் வரிசையாகக் காணும் புள்ளி ஒவ்வொன்றும் கரும்பின் கணுவிலுள்ள கண்ணுக்கு நிகரானது. பெருமுட்களும், தொட்டால் தோலில் தைத்து அரிக்கும் சுணைமுட்களும் அக்கண்ணிலிருந்தே எழுகின்றன. புது மட்டை, பூ, வேர் ஆகியவையும் அக்கண்ணிலிருந்து புறப்படக்கூடும். பழமும் ஒருவகையில் தண்டே. சூற்பை அதனுள் அமிழ்ந்திருக்கிறது. அதனாலேதான் பழத்தின் தோலிலும் கண்களும் சுணையும் உள்ளன.

இச்செடி பகலில் சுவாசத் துவாரங்களை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை உட்கொண்டு, அதை அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் உணவாக்குகிறது. ஆகையால் நீர் மிகக் குறைவாகவே செலவாகிறது. வெட்டுண்ட மட்டை பல வாரம் உயிரோடு கிடந்து, ஈரம் கண்டவுடன் வேர்விடுவதும் இதனாலேயே. மேற்சொன்ன நிலக்காரர் ஓடையில் எறிந்தது குப்பையன்று; விதைக்கரணையே.

பூச்சியின் வரலாறு

18ஆம் நூற்றாண்டில் பட்டுக்கு ஏற்றும் செஞ்சாயங்களில் கொச்சினீல் மிக மேலானதாகக் கருதப்பட்டது. கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒரு சிறு பெண்பூச்சியை உலர்த்தி அச்சாயம் எடுக்கப்பட்டது. அவ்வியாபாரம் மெக்ஸிகோவை ஆண்ட ஸ்பானியர் கையில் இருந்தது. அதனை இந்நாட்டில் உண்டாக்க, சென்னையில் கும்பினியின் வைத்தியராயிருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் முயன்றார். சைதாப்பேட்டையில் இதற்கெனக் கள்ளித்தோட்டம் ஏற்பட்டது. முசுக்கட்டையையும் பட்டுப்புழுவையும் சென்னைப் பக்கத்தில் பரப்ப முயன்றவரும் அவரே; ஆகையால் பட்டு நெய்யும் ஆரணியார் அவர் பெயரை அறிந்திருத்தல் தகும்.

1795இல் பிரேஸில் நாட்டிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி கொண்டுவரப்பட்டது. ஆனால் வந்தது உயர்ந்த சாயப்பூச்சியன்று. டாக்டிலோபியஸ் சைலானிகஸ் என்னும் தாழ்ந்த இனம். சாய முயற்சி பலிக்கவில்லை. எனினும் அப்பூச்சி, கண்ணொன்றுக்கு ஓரிரு முட்களே உடைய ஒபன்ஷியா மோனகாந்தா என்னும் கள்ளியை அழித்தது. அது கண்டு 1836 முதல் 1838 வரை தென்னிந்தியாவிலும் வேண்டுமென்றே அதைப் பரப்பினர். களையைப் பூச்சியால் அழிக்க உலகில் செய்யப்பட்ட முதல் முயற்சிகளுள் இது ஒன்றாகும்.

ஆயினும், மஞ்சள் நிறமான பல தடித்த முட்களையுடைய ஒபன்ஷியா டில்லெனியை என்னும் மற்றோரினத்தை அப்பூச்சி தீண்டவில்லை. அதற்குத் தக்க டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்னும் பூச்சி 1926இல் இலங்கையிலிருந்து வருவிக்கப்பட்ட பின்னரே, ஐந்தாறு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் சுமார் ஒரு லட்சம் ஏக்கர் நிலம் கள்ளியினின்று விடுபட்டது. கள்ளியின் இனம் அறியாமல் பூச்சியை நம்புவது வீண் என்பதே இதனால் விளங்கும் பாடம்.

செய்யத்தக்கவை

1. கள்ளியை வெட்டினால் மட்டை, பழம், வேர்த்துண்டு அனைத்தையும் ஒன்றுகூட்டி, உலர்த்தி எரிக்கவேண்டும். அல்லது ஆழக் குழியிட்டுப் புதைக்கவேண்டும். ஓடையிலும் ஏரிக்கரையிலும் எறியலாகாது.

2. மட்டையில் வெண்பஞ்சு போன்ற பூச்சியைக் கண்டால் நசுக்கிப் பார்க்கவும். சிவந்த சாறு வந்தால் அது கொச்சினீல் இனம். அத்தகைய மட்டையை எரிக்காமல், பூச்சியில்லாத அதே இனப் புதரின்மேல் வைத்தால் பூச்சி தானே பரவும்.

3. அப்பூச்சி கள்ளிக் குடும்பத்தையன்றி வேறெதிலும் வாழாது. முசுக்கட்டையில் காணும் மாவுப்பூச்சி வேறு. அதற்குக் கள்ளிப் பூச்சியைக் காரணமாகக் கூறுதல் தவறு.

4. வறண்ட நிலங்களில் தீவனத்திற்கென முள்ளில்லாக் கள்ளியை வளர்க்கும் ஆராய்ச்சி இப்போது நம் நாட்டில் நடைபெறுகிறது. மட்டையில் பெரும்பங்கு நீரே. ஆதலின் தனியே கொடாமல் வைக்கோல், சோளத்தட்டை முதலியவற்றோடு கலந்து கொடுக்கவேண்டும். இக்கள்ளியையும் கொச்சினீல் பூச்சி தாக்கும். 2014 முதல் மொராக்கோ நாட்டில் இப்பூச்சியால் கள்ளித் தோட்டங்கள் பெருமளவில் அழிந்தன. ஆகவே நடுபவர்கள் தோட்டத்தை அடிக்கடி பார்வையிட்டு, பூச்சி கண்ட மட்டையை உடனே அகற்றி அழித்தல் வேண்டும்.

ஒரே பூச்சி வேலியிலே நண்பன். தீவனத் தோட்டத்திலே பகைவன். ஆகையால் கிராம அதிகாரிகள் பொது நிலத்துக் கள்ளியை வெட்டக் கட்டளையிடுமுன்னும், நிலக்காரர்கள் புதிதாக ஒரு மட்டையை ஊன்றுமுன்னும், அது எந்தக் கள்ளி, அதன் கண் எங்கே, அதில் பூச்சி உண்டா என்னும் மூன்றையும் ஆராய்ந்து பார்ப்பார்களாக.