கியர் ஆயில்: வேறு வண்டிக்குச் சொன்ன புத்திமதிகள்

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் பிக்கப் வைத்திருப்பவரிடம் எஞ்சின் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் தேதியோடு சொல்வார். கியர் பாக்ஸ் ஆயிலைக் கேளுங்கள். “அது கிடக்கு அண்ணாச்சி, கம்பெனில ஊத்துனதுதான்” என்பார். விடியுமுன் மல்லிகைப்பூவை மதுரை மாட்டுத்தாவணிக்குச் சேர்ப்பது, தறிக்கு நூல் ஏற்றுவது, மக்காச்சோளம், மிளகாய் வத்தல், கருவேலங்கரி என்று பருவத்துக்குத் தக்க லோடு அடிப்பது எல்லாம் இந்த வண்டிகள்தான். ஒரு நாள் நின்றால் வாடகை போச்சு. தவணை மட்டும் நிற்காது. அப்படியிருந்தும் அந்தப் பாரத்தை முழுக்கச் சுமக்கிற பல் சக்கரங்கள் எதில் முங்கிக் கிடக்கின்றன என்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

எட்டிப் பார்க்காத இடத்தில் நம்பிக்கைகள் குடியேறும். டீக்கடையில் கிடைக்கும் கியர் ஆயில் புத்திமதிகளைக் கூர்ந்து கேட்டால், பெரும்பாலும் எதுவும் சுத்தப் பொய் இல்லை. ஏதோ ஒரு வண்டிக்கு, ஏதோ ஒரு காலத்தில் சரியாக இருந்தவைதான். வீட்டு வாசலில் நிற்கிற வண்டிக்குத்தான் பொருந்தாது.

“ஆயில் மாத்தும்போது ஃபில்டரையும் சேத்து மாத்தணும்.”

இது செல்போன் வீடியோவில் இறக்குமதியான நம்பிக்கை. அமெரிக்காவில் ஓடும் பெரிய டீசல் பிக்கப்புகள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். ஷெவர்லே, ஜிஎம்சி டீசல் பிக்கப்புகளில் வந்த அலிசன் கியர் பாக்ஸில், நம் எஞ்சின் ஆயில் ஃபில்டரைப் போலவே திருகிக் கழற்றும் ஃபில்டர் ஒன்று வெளியே இருக்கும். அங்கே அது அவசியம். ஆட்டோமேட்டிக்கில் ஆயில்தான் கியரையே மாற்றுகிறது. பம்ப்பிலிருந்து அழுத்தத்தோடு கிளம்பி, மிகச் சிறிய துளைகள் வழியாக ஓடி, உள்ளே இருக்கிற கிளட்ச் தட்டுகளை நெருக்குகிறது. ஒரு தூசு அடைத்தாலும் கியர் தடுமாறும்.

பொலீரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் ஆகியவற்றில் கையால் போடும் கியர்தான். சக்கரங்கள் சுழலும்போது கீழே கிடக்கும் ஆயிலை அள்ளித் தெளித்துக்கொள்கின்றன. இதில் கழற்றி மாற்றுகிற ஃபில்டர் என்று எதுவும் கிடையாது. பில்லில் ‘கியர் பாக்ஸ் ஃபில்டர்’ என்று ஒரு வரி வந்தால், கழற்றிய பழையதைக் காட்டச் சொல்லுங்கள்.

ஊரில் அபூர்வமாகத் தென்படும் ஆட்டோமேட்டிக் ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னது பொருந்தாது. அவற்றில் ஒருமுறை நட்டைத் திறந்தால் ஆயிலில் ஒரு பகுதிதான் வெளியே வரும். மீதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். ஆயில் மட்டத்தையும் குறிப்பிட்ட சூட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கான கருவி உள்ள இடத்துக்கே கொண்டுபோவது நல்லது.

“கம்பெனில ஊத்துனது ஆயுசுக்கும் தாங்கும்.”

கியர் பாக்ஸுக்குள் டீசல் எரிவதில்லை, கரி சேர்வதில்லை. அதனால் எஞ்சின் ஆயிலைவிட அது நெடுநாள் உழைக்கும் என்பது மெய். ஆனால் இரும்பு தேயும், சூடு ஏறும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. 1.7 டன்னுக்கு எழுதிக் கொடுத்த வண்டியில் அதற்கு மேல் ஏற்றிக்கொண்டு, சித்திரை வெயிலில் நான்கு வழிச்சாலையில் விரட்டினால் அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும்? பல கையேடுகளில் ‘கடும் உபயோகம்’ என்று தனியாக ஒரு பத்தி உண்டு. புழுதி, அதிக பாரம், கொளுத்தும் வெயில், நின்று நின்று ஓடுவது எல்லாம் அதில் அடங்கும். நம் பகுதி வண்டிகள் அத்தனையும் அந்தப் பத்திக்குள்தான் வரும். அதற்கு மாற்றும் தவணையும் குறைவு.

வண்டியைப் பத்து, பதினைந்து நிமிஷம் ஓட்டி, ஆயில் சூடாக இருக்கும்போதே இறக்கச் சொல்லுங்கள். மண்டி முழுக்க அதோடு வந்துவிடும். பெரும்பாலான டிரெயின் நட்டுகளின் நுனியில் சிறு காந்தம் இருக்கும். அதைத் துடைக்குமுன் விரலால் தொட்டுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வழவழவென்று பசை ஒட்டியிருந்தால் பயம் வேண்டாம். அது சாதாரணத் தேய்மானம். “அய்யய்யோ, பாக்ஸ் போச்சு” என்று கை விரிப்பவரை நம்ப வேண்டியதில்லை. நகத்தில் உரசுகிற மாதிரி சில்லுகள், பல்லின் உடைந்த துண்டு இருந்தால்தான் பெட்டியைப் பிரிக்கிற பேச்சு.

“140 ஊத்துனா சத்தம் அடங்கிரும்.”

கனரக லாரிகளின் பின் ஆக்சிலுக்கு 140 போட்ட, இன்றும் போடுகிற வழக்கத்திலிருந்து வந்தது இது. அந்த வண்டிக்குச் சரி. பிக்கப் கியர் பாக்ஸில் வேறு கதை. கியர் மாற்றும்போது சின்க்ரோ வளையம் தன் முகத்தில் படிந்த ஆயிலை வழித்துத் தள்ளிவிட்டு உரசிப் பிடித்தால்தான் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்துக்கு வரும். கட்டி ஆயிலை அது சீக்கிரம் வழிக்க முடியாது. மார்கழி அதிகாலையில் பூ ஏற்றிக் கிளம்பும்போது இரண்டாவது கியர் விழாமல் கரகரக்கும். டிரைவர் பலம் கொண்டு தள்ளுவார். வளையம் தேயும்.

சத்தம் அடங்குவதும் நல்லதுக்கு இல்லை. ‘உய்ங்’ என்று பேரிங் அழுவது அது தேய்ந்துவிட்டதற்கான தகவல். கட்டி ஆயில் அதன் வாயைப் பொத்துகிறது, அவ்வளவே. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், சத்தமே இல்லாத பழைய கியர் பாக்ஸைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம்.

எண்ணைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. 90 என்றால் எஞ்சின் ஆயில் 40-ஐப் போல் இரண்டு மடங்கு கட்டி என்று நினைக்கிறோம். இரண்டும் வெவ்வேறு அளவுகோல். 100 டிகிரி சூட்டில் கியர் ஆயில் 90-ம் எஞ்சின் ஆயில் 40-ம் ஏறக்குறைய ஒரே கட்டிதான்.

“எஞ்சினுக்கு வாங்குனது மிச்சம் இருக்கு, அதையே ஊத்து.”

பைக்கிலிருந்து வந்த பழக்கம். பெரும்பாலான பைக்குகளில் எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். பிக்கப்பில் இரண்டும் தனித்தனி.

“ஜிஎல்-4-ஐ விட ஜிஎல்-5 ஒசத்தி.”

படித்தவர்களும் விழுகிற குழி இது. டப்பாவில் போட்டிருக்கும் இந்த ஜிஎல் எண் கூடினால் தரம் கூடும் என்று கடைக்காரரே சொல்வார். பின் ஆக்சிலுக்குள் இருக்கிற கிரவுனில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே பாரம் தாங்குகின்றன. அந்த நெரிசலில் ஆயில் படலம் கிழியாமல் காக்க, கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து ஜிஎல்-5-இல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உண்டு. கிரவுனுக்கு அது வேண்டும். அதே மருந்து, சூட்டில் பித்தளை வகை உலோகத்தை அரிக்கக்கூடியது. சின்க்ரோ வளையங்கள் பல வண்டிகளில் அந்த உலோகம்தான். ஆகவே கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4, கிரவுனுக்கு ஜிஎல்-5 என்று கையேட்டில் இருந்தால் இரண்டு டப்பா வாங்க வேண்டும். இரண்டுக்கும் பொருந்துவதாகத் தயாரிப்பாளரே எழுதித்தரும் ஆயில்களும் உண்டு. கையேடு ஒத்துக்கொண்டால் மட்டும் அது.

“நம்மது வறண்ட பூமி, ஆயில்ல தண்ணி எங்கிட்டுப் போகும்?”

ஆண்டில் பெரும்பகுதி நியாயமான கேள்விதான். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே ராத்திரி மழையில் ஓடைகள் நிறையும், கண்மாய் மறுகால் பாயும், திருச்சுழிப் பக்கம் குண்டாற்றில் வெள்ளம் வரும்போது தரைப்பாலங்கள் முங்கும். முழங்கால் தண்ணீர்தானே என்று லோடு வண்டியை இறக்கி ஏற்றிவிடுகிறோம்.

அந்த நேரத்தில் ஆக்சில் ஹவுசிங் கொதித்துக்கொண்டிருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப, மேலே இருக்கிற மூச்சுத் துளை வழியாகவும் தேய்ந்த சீல் ஓரமாகவும் தண்ணீரை உறிஞ்சும். கோடைப் புழுதி மூச்சுத் துளையை அடைத்து வைத்திருந்தால் சீல் வழியாகத்தான் இழுக்கும். ஆக, வறட்சியில் சேர்ந்த புழுதிதான் மழையில் தண்ணீரை உள்ளே விடுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தபோது, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. அந்த மாதிரித் தண்ணீரில் நின்ற வண்டிக்கு எஞ்சின் ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது. கியர் பாக்ஸ், கிரவுன் இரண்டையும் திறக்க வேண்டும். வருகிற ஆயில் பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அப்படியே ஓட்டினால் பேரிங் துருப்பிடிக்கும்.

பட்டறைப் பழக்கங்கள் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டீசல் ஊற்றி ஒரு ரவுண்டு ஓட்டிக் கழுவுவது வேண்டாம். மூலையில் தேங்கும் டீசல் புது ஆயிலை நீர்க்க வைக்கும். “லோடு வண்டிதானே, அரை லிட்டர் கூட ஊத்து” என்பதும் வேண்டாம். நுரைத்து, சூடாகி, சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சமதரையில் நிறுத்திய வண்டியில், ஊற்றுகிற துளையின் விளிம்பு வரை நிரம்பி லேசாக வழிவதுதான் பல கியர் பாக்ஸ்களில் சரியான மட்டம். இன்னொன்று: கீழ் நட்டைத் தொடுமுன் மேலே இருக்கிற ஃபில்லர் நட்டைக் கழற்றிப் பாருங்கள். ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு, மேல் நட்டு துருவேறி அசையாமல் நின்றால், வண்டி அங்கேயே நிற்கும்.

நிறைய ஓடிய வண்டிக்கு ஆயில் மாற்றினால் கியர் பாக்ஸ் போய்விடும் என்ற பயமும் ஆட்டோமேட்டிக்கிலிருந்து வந்ததுதான். அங்கே தேய்ந்த கிளட்ச் தட்டுகள் புது ஆயிலில் வழுக்குவதாகப் புகார் உண்டு. தட்டு தேய்ந்தது ஆயில் மாற்றியதால் அல்ல. கைக் கியரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இறக்கிய ஆயிலை வேலிக் கம்புக்குக் கரையானுக்கென்று பூசுகிறோம், புழுதி அடங்க வாசலில் ஊற்றுகிறோம். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு. கிணற்று நீரை நம்பிப் பிழைக்கிற ஊரில் அதை மண்ணில் விடாதீர்கள். டப்பாவில் பிடித்துவைத்து, உரிமம் பெற்று மறுசுழற்சி செய்பவர்களுக்குப் போய்ச்சேரும் வழியில் கொடுங்கள்.

வாடகை வண்டிக்கு முதல் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டியாக வேண்டும். பெயிண்ட் அடிக்க, லைட் பார்க்க வண்டியை எப்படியும் பட்டறையில் விடுவீர்கள். அன்றைக்கு கியர் பாக்ஸ், கிரவுன் இரண்டின் ஃபில்லர் நட்டையும் கழற்றி, மூச்சுத் துளையையும் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஆயில் என்று கேட்டால் டாஷ்போர்டில் கிடக்கும் கையேட்டை எடுத்து நீட்டுங்கள்.