சான்று காட்டும் நேர்மை

2023ஆம் ஆண்டு நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் ஒரு வழக்கு நடைபெற்றது. விமானப் பயணத்தில் காயமுற்ற ஒருவர், விமான நிறுவனத்தின்மீது அவ்வழக்கைத் தொடுத்திருந்தார். அவருடைய வழக்குரைஞர்கள் பழைய தீர்ப்புகள் பலவற்றைச் சான்றாகக் காட்டினர். அவற்றுள் ஆறு தீர்ப்புகள், தேடியும் எங்கும் கிடைக்கவில்லை. அவை சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுச் செயலி புனைந்தவை எனப் பின்னர்த் தெரிந்தது. ‘இத்தீர்ப்பு உண்மையானதா?’ என வழக்குரைஞர் முன்பே அச்செயலியிடம் வினவியிருந்தார். அதுவும் ‘ஆம்’ என்றே விடையளித்திருந்தது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. செயலியின் உதவியை நாடுவது தவறன்று. சரிபாராமல் சான்றாகக் காட்டியதும், ஐயம் எழுந்தபின்னும் உண்மையை ஒப்புக்கொள்ளாததுமே தவறு என்பது தீர்ப்பின் கருத்து.

இத்தகைய செயலி, நூலைப் புரட்டிப் பார்த்து விடை கூறுவதன்று. ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரக்கூடும் எனக் கணித்தே தொடர்களை அமைக்கிறது. ஆதலின் இல்லாத நூலையும் இருப்பதுபோலக் கூறிவிடும். ஒரே வினாவை இருவர் கேட்டால் இருவேறு விடைகளும் வரலாம்.

சான்று காட்டுவது இரண்டு நோக்கங்கள் உடையது. ஒன்று, பிறர் உழைப்பை மதித்தல். மற்றொன்று, படிப்பவர் தாமே சென்று சரிபார்க்க வழிகாட்டுதல். ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்ற உ.வே. சாமிநாதையர், தமக்குச் சுவடி தந்து உதவியோரின் பெயர்களைத் தம் பதிப்புகளின் முகவுரையில் குறித்தார். அந்நேர்மை இன்றும் வேண்டும்.

செயலி தந்த விடையைக் கட்டுரையில் பயன்படுத்துவோர், கேட்ட வினா, செயலியின் பெயர், பதிப்பு, நிறுவனம், நாள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டு: ‘கல்லணையின் வரலாற்றைக் கூறுக’ என்னும் வினாவுக்குக் கிடைத்த விடை. சாட்ஜிபிடி, ஜிபிடி-4ஓ பதிப்பு, ஓபன்ஏஐ, 12 ஜூலை 2025.

இங்கு ஆசிரியர் பெயர் இல்லை. தன் கூற்றுக்குப் பொறுப்பேற்க இயலாத செயலி ஆசிரியர் ஆகாது. செயலி ஒரு நூலைச் சுட்டினால், அந்நூலைத் தேடிப் படித்து, அதனையே சான்றாகக் காட்டுதல் சிறப்பு. நூல் கிடைக்காவிடில் அச்செய்தியை விட்டுவிடுதல் நன்று.

சொற்பொருள்
புனைதல் – கற்பனையாக உருவாக்குதல்
சுவடி – ஓலையில் எழுதிய நூல்
முகவுரை – நூலின் தொடக்கவுரை

பயிற்சி
1. செயலி இல்லாத தீர்ப்புகளைக் கூறியது ஏன்?
2. சான்று காட்டுவதன் இரு நோக்கங்கள் யாவை?
3. செயலியிடம் ஒரு வினா கேட்டு, கிடைத்த விடையைப் பள்ளி நூலகத்தில் உள்ள நூலோடு ஒப்பிட்டு ஐந்து தொடர்களில் எழுதுக. இரண்டுக்கும் சான்று குறிப்பிடுக.