கூட்டமும் கிருமியும்

மாணவர்களே! ஒரு கேள்வியோடு தொடங்குவோம். ஊரெங்கும் கொள்ளைநோய் பரவியிருக்கிறது. "வீட்டை விட்டு வெளியே வராதீர்கள், கூட்டம் கூடாதீர்கள்" என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் கண்ணெதிரே ஓர் அநியாயம் நடக்கிறது. அதைக் கண்டித்து ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்குகிறார்கள். அவர்கள் செய்தது சரியா, தவறா?

உடனே கையைத் தூக்க வேண்டாம். இது கற்பனைக் கேள்வி அன்று. 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் உண்மையாகவே எழுந்த கேள்வி. விஞ்ஞானிகளே இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதிட்டார்கள். அந்த வாதத்தைப் படிப்படியாக அலசிப் பார்த்தால், ஒரு கேள்வியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளலாம்.

நடந்தது என்ன?

2020 மார்ச் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயை உலகளாவிய கொள்ளைநோய் என்று குறிப்பிட்டது. அமெரிக்காவில் மே மாத இறுதிக்குள் அந்நோயால் இறந்தவர்கள் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. பள்ளிகள், கோயில்கள், கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன.

மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் கைது செய்தனர். கொள்ளைநோயால் வேலையிழந்திருந்தவர் அவர். ஒரு போலீஸ் அதிகாரி அவருடைய கழுத்தின்மீது ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக முழங்காலை அழுத்தி வைத்திருந்தார். ஃபிளாய்டு இறந்துபோனார். வழியில் நின்ற 17 வயதுப் பெண் ஒருத்தி அதைத் தன் கைபேசியில் படம் பிடித்தாள். உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது. அந்த அதிகாரி குற்றவாளி என்று 2021 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று.

ஆனால் தீர்ப்பு வரும்வரை மக்கள் காத்திருக்கவில்லை. நிறவெறியை எதிர்த்து நூற்றுக்கணக்கான நகரங்களில் ஊர்வலங்கள் நடந்தன. கலந்துகொண்டவர்கள் ஒன்றரைக் கோடிப் பேருக்குக் குறையாது என்று கருத்துக் கணிப்புகள் மதிப்பிட்டன.

இரு தரப்பு வாதம்

ஜூன் மாதத் தொடக்கத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொற்றுநோய் அறிஞர்கள் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். சுகாதாரத் துறையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் கையொப்பமிட்டனர். நிறவெறியும் ஒரு சுகாதாரப் பிரச்சினையே, எனவே தொற்று ஆபத்தைக் காட்டி இந்த ஊர்வலங்களைத் தடுக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். அமெரிக்க மக்களில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவிகிதம்தான். ஆனால் அந்த ஆண்டின் முற்பகுதியில் கோவிட்டால் இறந்தவர்களில் அவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். இதற்குத் தோலின் நிறம் காரணமன்று. நெருக்கமான வீடுகள், வெளியே சென்றே தீரவேண்டிய வேலைகள், எளிதில் கிடைக்காத மருத்துவம் ஆகியவையே காரணம். முகக்கவசம் அணியுங்கள், இடைவெளி விடுங்கள் என்றும் கடிதம் அறிவுறுத்தியது. போலீசார் கண்ணீர்ப்புகை வீசக் கூடாது, கைதானவர்களை அடைசலான இடங்களில் வைக்கக் கூடாது என்றும் கேட்டது.

மறுதரப்பும் சும்மா இருக்கவில்லை. "என் தந்தை இறந்தபோது பத்துப் பேர்கூடக் கூட விடவில்லையே! அன்று கிருமி பரவும் என்றீர்கள். இன்று பரவாதா?" என்று பலர் கேட்டார்கள். ஏப்ரலில் மிச்சிகன் மாநிலத்தில் ஊரடங்கை எதிர்த்து மக்கள் கூடியபோது சுகாதார அறிஞர்கள் பலர் கண்டித்திருந்தார்கள். அந்தக் கூட்டங்களையும் இந்தக் கூட்டங்களையும் ஒன்றாகக் கருதக் கூடாது என்று கடிதமே கூறியது. "கூட்டத்தின் நோக்கம் கிருமிக்குத் தெரியுமா?" என்பது எதிர்ப்பாளர்களின் கேள்வி. நல்ல கேள்விதான், இல்லையா?

கேள்வி ஒன்றா, இரண்டா?

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எல்லாரும் ஒரே விஷயத்தைப் பற்றிச் சண்டையிடுவது போலத் தோன்றினாலும், உள்ளே இரண்டு கேள்விகள் பின்னிக் கிடந்தன.

முதல் கேள்வி: இத்தகைய ஊர்வலத்தால் நோய் எவ்வளவு பரவும்? இது அளந்து பார்க்கக்கூடியது.

இரண்டாம் கேள்வி: அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டு கூடலாமா? இதை அளவுகோலால் அளக்க முடியாது. எதை அதிகம் மதிக்கிறோம் என்பதைப் பொறுத்தது இது.

முதல் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

ஊதுபத்தியும் கிருமியும்

மூடிய அறையில் ஓர் ஊதுபத்தி ஏற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் அறை முழுவதும் புகை மணக்கும். அதே பத்தியை முற்றத்தில் ஏற்றினால் நாலடி தள்ளி நிற்பவருக்கு மணம் லேசாகத்தான் தெரியும். கோவிட் கிருமியும் ஏறக்குறைய இப்படித்தான். நோயாளி பேசும்போதும் பாடும்போதும் இருமும்போதும் நுண்துளிகள் வெளிவருகின்றன. அடைத்த அறையில் அவை மிதந்து சேர்ந்துகொண்டே போகும். திறந்த வெளியில் காற்று அவற்றைக் கலைத்துவிடும்.

இதற்கு ஆதாரம் உண்டு. சீனாவில் நோய் தொடங்கிய மாதங்களில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்குப் பரவிய 318 நிகழ்வுகளை ஆராய்ந்தார்கள். அத்தனையும் உள்ளிடங்களில் நடந்தவை. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாட்டுக் குழு இரண்டரை மணி நேரம் மண்டபத்துக்குள் ஒத்திகை நடத்தியது. வந்திருந்த 61 பேரில் 53 பேர் நோயுற்றனர். இருவர் இறந்தனர்.

அப்படியானால் திறந்த வெளிக் கூட்டத்தில் ஆபத்தே இல்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. 1918-இல் இன்ஃபுளுயன்சா பரவிய காலத்தில், செப்டம்பர் 28 அன்று பிலடெல்பியா நகரத் தெருக்களில் ஓர் அணிவகுப்பைக் காணச் சுமார் இரண்டு லட்சம் பேர் நெருக்கியடித்து நின்றார்கள். சில நாட்களிலேயே ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. 2020-இலும் ஊர்வலத்தில் கோஷமிட்டால் துளிகள் அதிகம் வரும். கண்ணீர்ப்புகை இருமலை உண்டாக்கும். கைதானவர்களை வண்டியில் அடைத்தால் அதுவும் மூடிய அறைதான். ஆகவே விஞ்ஞானிகள் அஞ்சியதில் நியாயம் இருந்தது.

எண்ணிப் பார்த்தவர்கள்

கிருமி உடலில் நுழைந்து அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாட்கள் ஆகும். சிலருக்குப் பதினான்கு நாட்கள்கூட ஆகலாம். பிறகு சோதனை, முடிவு, பதிவு. ஆகையால் ஊர்வலம் நடந்த மறுவாரமே "பார்த்தீர்களா, பரவவில்லை" என்று சொன்னவர்களும் "பரவிவிட்டது" என்று சொன்னவர்களும் அவசரப்பட்டவர்களே.

மினசோட்டா மாநிலத்தில் ஊர்வலங்களில் கலந்துகொண்டவர்கள் முதலானோருக்குச் சோதனை முகாம்கள் நடத்தினார்கள். நோய் கண்டவர்கள் இரண்டு சதவிகிதத்துக்கும் குறைவு. பொருளாதார அறிஞர்கள் சிலர் 315 அமெரிக்க நகரங்களை எடுத்துக்கொண்டு, ஊர்வலம் நடந்த நகரங்களையும் நடக்காதவற்றையும் ஒப்பிட்டார்கள். மூன்று வாரங்களுக்குப் பின்னும் ஊர்வலத்தால் நகர அளவில் நோய் கூடியதற்கு அடையாளம் காணவில்லை. கைபேசிகளின் நடமாட்டத்தைக் கொண்டு இன்னொன்றையும் கண்டார்கள். ஊர்வலம் நடந்த நகரங்களில் மற்ற மக்கள் வழக்கத்தைவிட அதிகமாக வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்!

இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். எண்கள் நாம் கற்பனை செய்தவை. ஒரு நகரில் ஒரு லட்சம் பேர். ஒவ்வொருவரும் நாளுக்கு 5 பேரைச் சந்திக்கிறார்கள். மொத்தம் 5,00,000 சந்திப்புகள். ஊர்வல நாளில் 3,000 பேர் கூடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 25 சந்திப்புகள் கூடுதல். ஆக 75,000 கூடுகிறது. மீதி 97,000 பேரும் கூட்டத்துக்கு அஞ்சி ஆளுக்கு ஒரு சந்திப்பைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஆக 97,000 குறைகிறது. கூட்டிக் கழித்தால் 4,78,000. தெருவில் பெருங்கூட்டம் தெரிந்தாலும் நகரின் மொத்தச் சந்திப்புகள் குறைந்துவிட்டன.

ஆனால் கவனியுங்கள். "நகரில் நோய் கூடவில்லை" என்பதும் "ஊர்வலத்தில் எவருக்கும் தொற்றவில்லை" என்பதும் ஒன்றல்ல. மேலும் எட்டு நகரங்களை மட்டும் எடுத்துக்கொண்ட மற்றோர் ஆய்வு நோய் கூடியதாகவே கண்டது. அதே நாட்களில் ஹோட்டல்களும் மதுக்கடைகளும் திறக்கப்பட்டு வந்தன என்பதை மறக்கக் கூடாது. டெக்சாஸ், ஃபுளோரிடா மாநிலங்களில் நோய் பெருகி, ஜூன் 26 அன்று மதுக்கடைகளில் அமர்ந்து குடிப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. மாறாக, மிகப் பெரிய ஊர்வலங்கள் நடந்த நியூயார்க்கில் ஜூன் முழுவதும் நோய் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு காரணங்கள் ஒரே சமயத்தில் வந்தால் எது எதைச் செய்தது என்று பிரிப்பது கடினம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நியூயார்க் நகரில் நோயாளிகளை விசாரித்த பணியாளர்கள், "ஊர்வலத்துக்குப் போனீர்களா?" என்று தாமாகக் கேட்கவில்லை. கேட்டால் மக்கள் பயந்து ஒன்றுமே சொல்லமாட்டார்கள் என்ற கவலை ஒருபுறம். கேட்காவிட்டால் உண்மை தெரியாது என்பது மறுபுறம். கேட்காத கேள்விக்குப் பதில் கிடைக்காதல்லவா?

கிருமியின் கைரேகை

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதைவிடச் சுவையானது. 2020 ஜூன் 6 அன்று மெல்போர்ன் நகரில், ஃபிளாய்டுக்காகவும் காவலில் இறந்த ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களுக்காகவும் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் சென்றார்கள். சில வாரங்களில் அங்கே இரண்டாம் அலை எழுந்தது. எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஊர்வலம் சென்றவர்களில் சிலருக்கு நோய் கண்டதும் உண்மை. "இவர்களால்தான் வந்தது" என்று பலர் குற்றம் சாட்டினார்கள்.

விஞ்ஞானிகள் கிருமியையே விசாரித்தார்கள்! கோவிட் கிருமியின் மரபுச் செய்தி சுமார் 30,000 எழுத்துகள் கொண்டது. ஓர் ஏட்டைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுக்கும்போது எழுத்துப் பிழை நேர்வதுபோல, கிருமி பெருகும்போதும் மாதத்துக்கு ஓரிரு பிழைகள் நேர்கின்றன. ஒரே பிழை உள்ள பிரதிகள் ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தவை. இப்படி ஒப்பிட்டபோது, இரண்டாம் அலைக் கிருமிகளில் சுமார் 99 சதவிகிதம், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களைத் தனிமைப்படுத்தி வைத்திருந்த இரண்டு ஹோட்டல்களிலிருந்து கிளம்பியவை என்று தெரிந்தது. அங்கே வேலை செய்தவர்கள் வழியாக அது வீடுகளுக்குப் போயிருந்தது. ஒன்றுக்குப் பின் மற்றொன்று நடந்தால், முந்தியதுதான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

எஞ்சியிருக்கும் கேள்வி

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். ஆபத்து சிறிதுதான் என்றே வைத்துக்கொள்வோம். அதை ஏற்கலாமா? நீதி கேட்பது அவசரமானது என்பார் ஒருவர். இறுதிச் சடங்கும் வழிபாடும் அதைவிடக் குறைந்தவையா என்பார் மற்றவர். ஊர்வலம் சென்றவரின் தொற்று வீட்டிலிருக்கும் பாட்டிக்கு வந்தால் என்ன செய்வது என்பார் மூன்றாமவர். இம்மூவரில் எவரையும் நுண்ணோக்கியால் வெல்ல முடியாது.

விஞ்ஞானிக்கும் குடிமகன் என்ற முறையில் கருத்துண்டு. அதைச் சொல்ல அவருக்கு உரிமையும் உண்டு. ஆனால் "என் ஆராய்ச்சி இதைச் சொல்கிறது" என்பதையும் "என் மனச்சாட்சி இதைச் சொல்கிறது" என்பதையும் வேறு வேறாகச் சொல்லிவிட வேண்டும். 2020-இல் பலர் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். அதனால்தான் "அன்று ஒன்று, இன்று ஒன்று" என்ற மனக்கசப்பு எழுந்தது. உண்மையில் முன்பே திறந்த வெளியையும் மூடிய அறையையும் பிரித்துச் சொல்லியிருந்தால், தந்தையின் சடங்கைத் திறந்த வெளியில் நடத்த அந்த மகனுக்கும் வழி பிறந்திருக்கும். விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கும்போதுதான் அதை எல்லாரும் நம்புவார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. மேலே உள்ள கணக்கில் வீட்டிலிருப்போர் சந்திப்பைக் குறைக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு மொத்தத்தைக் கண்டுபிடியுங்கள். 3,000 பேருக்குப் பதில் 10,000 பேர் கூடினால் என்ன ஆகும்?

2. ஒரு வாக்கியத்தை நாலு நண்பர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் வேகமாகப் பிரதி எடுங்கள். கடைசிப் பிரதியில் உள்ள பிழைகளைக் கொண்டு, எந்தப் பிழை எவரிடம் தொடங்கியது என்று கண்டுபிடியுங்கள்.

3. உங்கள் ஊரில் நடக்கும் ஏதேனும் ஒரு வாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அளக்கக்கூடிய கேள்வி எது, மதிப்பைச் சார்ந்த கேள்வி எது என்று இரண்டு பத்திகளில் எழுதுங்கள். எழுதி முடித்தபின் எதிர்த்தரப்பு நண்பரிடம் காட்டுங்கள். "என் வாதத்தைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறாய்" என்று அவர் ஒப்புக்கொள்கிறாரா?